சிக்கிள் செல் உள்ள பிள்ளை பள்ளியில் ஓடலாமா?

கோத்தகிரி வட்டத்தில், சாலையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் இருக்கும் ஓர் இருளர் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மேலே சாலையோரம் உள்ள ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் இருவரும் படிக்கிறார்கள். ஊருக்கு வந்த ரத்தப் பரிசோதனை முகாமில் இருவருக்கும் சிக்கிள் செல் (பெற்றோரிடமிருந்து பரம்பரையாக வரும் ரத்தச் சிவப்பணுக் கோளாறு) 'பாசிட்டிவ்' என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு மருத்துவமனையில் செய்த உறுதிப் பரிசோதனையில் மகளுக்கு ஏ.எஸ். (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் சிக்கிள் மரபணு வந்தது), மகனுக்கு எஸ்.எஸ். (இருவரிடமிருந்தும் வந்தது, அதாவது நோய்) என்று வந்திருக்கிறது. போன டிசம்பரில் விளையாட்டு பீரியடில் தூறலில் ஓடிய மகன், நனைந்த சட்டையோடு சாயங்காலம் நாலு மணிவரை வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அன்று இரவே தொடையும் இடுப்பும் வலித்துத் துடித்துவிட்டான். நான்கு நாள் மருத்துவமனையில் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

அதிலிருந்து தலைமை ஆசிரியை இரண்டு பிள்ளைகளையுமே விளையாட விடுவதில்லை. மற்றவர்கள் ஆடும்போது இவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து அவர்கள் கழற்றிப்போட்ட ஸ்வெட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஜனவரியில் பள்ளி விளையாட்டு விழா வருகிறது. மகன் சாக்கு ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கணும் என்று அடம் பிடிக்கிறான். "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்கிறாராம் தலைமை ஆசிரியை. சொந்தக்காரர்களோ, மலையில் காற்று கம்மி, மேட்டுப்பாளையத்துக்கே குடிபோய்விடுங்கள் என்கிறார்கள். கடிதத்தின் கடைசியில் இப்படிக் கேட்கிறார்: "நான் ஓட விட்டதால்தான் அவனுக்கு அப்படி ஆச்சா டாக்டர்? இனி ஆயுசுக்கும் உட்கார்ந்தே இருக்கணுமா? கையெழுத்துப் போடலாமா, இல்லை பள்ளிக்கூடத்தையே மாத்தட்டுமா?"

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓட விட்டதால் அது வரவில்லை. அன்று நடந்ததை நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். காலையில் உங்கள் ஊரிலிருந்து பள்ளிவரைக்கும் ஏற்றம் ஏறி வந்திருக்கிறான். வந்த களைப்பு தீரத் தண்ணீர் குடித்ததாகக் கடிதத்தில் இல்லை. தூறலில் ஓடினான். ஈரச் சட்டையோடு மணிக்கணக்காகக் குளிரில் உட்கார்ந்தான். வலி வந்தது இரவில். எஸ்.எஸ். உள்ள பிள்ளையின் ரத்தத்தில், ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட சிவப்பணுக்கள் விறைத்து அரிவாள்போல் வளைகின்றன. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்படும். குளிரில் நனைந்தால் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கும். இரண்டும் சேரும்போது வளைந்த அணுக்கள் குழாயை அடைத்துக்கொள்கின்றன. எலும்புக்குப் போகும் ரத்தம் அங்கே நின்றுவிடுவதுதான் அந்த வலி. ஓடிய அந்தப் பத்து நிமிடத்தைவிட, தாகத்தோடும் ஈரத்தோடும் அவன் உட்கார்ந்திருந்த அந்த மணிநேரங்களைத்தான் நான் குற்றம் சொல்வேன்.

ஆகவே பள்ளி தடை செய்யவேண்டியது தாகத்தையும் ஈரத்தையும், மூச்சு வாங்கிய பிறகும் நிறுத்த முடியாமல் ஓடவேண்டிய நிலையையும்தான். இந்த மூன்றையும் தடுத்துவிட்டால் உங்கள் மகன் மற்றப் பிள்ளைகளோடு விளையாடலாம். சிக்கிள் செல் உள்ள குழந்தைகள் மிதமாக ஓடியாடுவது நல்லது என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. உடம்புக்கும் தெம்பு வரும், மனசுக்கும் தெம்பு வரும். ஏழு வயதுப் பையனை வருஷம் முழுக்க அடுத்தவர் ஸ்வெட்டருக்குக் காவல் வைப்பதும் அவன் உடம்புக்குச் செய்யும் கெடுதல்தான்.

மகளை ஏன் உட்கார வைத்தார்கள்?

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். முகாம்களில் முதலில் செய்யும் கரைதிறன் சோதனை, ரத்தத்தில் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் காட்டும். நோய் இருப்பவருக்கும் 'பாசிட்டிவ்', நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கும் கடத்தியாக இருப்பவருக்கும் 'பாசிட்டிவ்'. இரண்டையும் பிரித்துச் சொல்வது உறுதிப் பரிசோதனை. அதில் உங்கள் மகளுக்கு ஏ.எஸ். என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் அவளுக்கு நோய் இல்லை. நாளை ஏ.எஸ். அல்லது எஸ்.எஸ். உள்ள ஒருவரைக் கல்யாணம் செய்தால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வரலாம் என்பது மட்டும்தான் அதன் பொருள். அதைப் பேச இன்னும் பல வருஷம் இருக்கிறது.

அவள் ஓடலாம், கோகோ ஆடலாம், கபடி ஆடலாம், உயரம் தாண்டலாம். ஏ.எஸ். உள்ளவர்களுக்கு ஆபத்து வருவது மிகவும் அரிது; அதுவும் பெரும்பாலும் கடும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்காக உடம்பை வருத்தும்போதுதான். அமெரிக்க ராணுவ வீரர்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, தண்ணீருக்கும் ஓய்வுக்கும் விதிமுறை வைத்திருக்கும் இடத்தில் ஏ.எஸ். உள்ளவர்களுக்கு மரண ஆபத்து கூடவில்லை என்று சொன்னது. தொடக்கப்பள்ளி மைதானத்தில் ஓடியாடும் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எந்தத் தடையும் தேவையில்லை. நாளைக்கே அவளது பரிசோதனை முடிவு அட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியையிடம் காட்டி, அவளை மைதானத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். ஜனவரிவரை காத்திருக்கவே வேண்டாம்.

'எங்க ஜனத்துக்கு வந்த சாபம்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள் அம்மா. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலாக அறியப்பட்ட இடங்களில் உங்கள் நீலகிரியும் ஒன்று. 1952இலேயே இங்கே கண்டுபிடித்தார்கள். அடிவாரக் காடுகளில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போன காலத்தில், ஏ.எஸ். உள்ளவர்களைக் கடும் மலேரியா அவ்வளவாகச் சாய்க்கவில்லை. உங்கள் முன்னோர் பிழைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்பா, அம்மா இருவரிடமும் ஏ.எஸ். இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு எஸ்.எஸ். வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதில் உங்கள் தப்பும் இல்லை, உங்கள் வீட்டுக்காரர் தப்பும் இல்லை. இது தொட்டாலோ, ஒன்றாகச் சாப்பிட்டாலோ, ஒரே பந்தை வைத்து ஆடினாலோ ஒட்டாது. வேறு பெற்றோர் அப்படிப் பேசினால் தலைமை ஆசிரியையே அவர்களுக்கு விளக்க வேண்டும். அதற்காக உங்கள் பிள்ளைகளின் ரிப்போர்ட்டை ஊருக்கே காட்ட வேண்டியதில்லை. வகுப்பு ஆசிரியருக்கும் தலைமை ஆசிரியைக்கும் தெரிந்தால் போதும்.

தண்ணீரும் கழிப்பறையும்

மகனைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். "பள்ளியில் தண்ணி குடிக்கவே மாட்டேங்கிறான், அடிக்கடி ஒண்ணுக்குப் போனா டீச்சர் திட்டுறாங்களாம்." எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். எஸ்.எஸ். உள்ள பிள்ளைகளின் சிறுநீரகத்தால் சிறுநீரைச் சுண்டவைக்க முடியாது. குடித்த தண்ணீர் சீக்கிரமே வெளியேறிவிடும். அதனால் அடிக்கடி போவான். ராத்திரி படுக்கையில் போனாலும் அதற்காக அடிக்கக் கூடாது. திட்டுக்குப் பயந்து குடிக்காமல் இருக்கிறான். குளிரில் தாகமும் சரியாகத் தெரியாது. அந்த நிலையில் மைதானத்தில் ஓடினால் வலி வரத்தான் செய்யும்.

இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சாதாரண நாளிலேயே ஒன்றரை லிட்டர் நீர் தேவை. இவனுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், ஓடும் நாளில் இன்னும் கூடுதல். பள்ளித் தொட்டித் தண்ணீர் காலையில் பல் கூசும். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் கொடுத்து அனுப்புங்கள். ஏற்றம் ஏறி வந்து பள்ளியில் நுழைந்ததும் ஒரு டம்ளர், விளையாடப் போவதற்கு முன் ஒன்று, விளையாடும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு, முடிந்ததும் ஒன்று. கேட்காமலே எழுந்து கழிப்பறைக்குப் போகலாம் என்று ஆசிரியர் வகுப்பிலேயே அவனிடம் சொல்லட்டும். பையில் ஒரு உலர்ந்த பனியனும் காலுறையும் எப்போதும் இருக்கட்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். மணி அடிக்கும்வரை பொறுக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால் பிசகினால், முட்டி இடித்துக்கொண்டால் ஐஸ் வைப்பது பள்ளிகளில் வழக்கம். இவனுக்கு ஐஸ் வைக்கவே கூடாது. மரத்துப்போகச் செய்யும் குளிர் ஸ்பிரேயும் அடிக்கக் கூடாது. குளிர் பட்ட இடத்தில் குழாய் சுருங்கி அடைப்பு அதிகமாகும். வெதுவெதுப்பான ஒத்தடம், போர்வை, தண்ணீர், மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் பாரசிட்டமால், இவ்வளவுதான். இதை ஆசிரியர் இருவருக்கும் கட்டாயம் சொல்லுங்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் ஐஸ் தேடுவார்கள்.

விளையாட்டு விழாவில் என்ன செய்யலாம்?

சாக்கு ஓட்டத்தில் அவன் பெயர் கொடுக்கட்டும். சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஸ்பூன், இசை நாற்காலி, ஐம்பது மீட்டர் ஓட்டம் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுபவை. ஓடி முடித்து மூச்சு வாங்கி நிற்க நேரம் இருக்கும். வேண்டாதவை நீண்ட தூர ஓட்டமும், நிற்காமல் மைதானத்தை ரவுண்டு அடிப்பதும். கபடி, மல்லுக்கட்டு போன்றவற்றுக்கு முன் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று மருத்துவர் இடது வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வீங்கியிருந்தால் அடிபடும் ஆட்டம் எதுவும் கூடாது.

நேரமும் முக்கியம். ஜனவரிக் காலையில் உங்கள் பக்கம் ஒன்பது மணிக்குப் புல்லில் பனி ஈரம் காயாது. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். பதினொரு மணிக்கு மேல் வெயில் விழும் நேரம்தான் அவனுக்கு நல்லது. ஈராசிரியர் பள்ளியில் கால அட்டவணை தலைமை ஆசிரியை கையில்தானே இருக்கிறது, விளையாட்டு பீரியடை அந்த நேரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மற்றப் பிள்ளைகளும் சந்தோஷப்படுவார்கள்.

ஒரே ஒரு விதி போதும்: நிறுத்த வேண்டும் என்று அவனுக்கே தோன்றியதும் நிறுத்தலாம். யாரும் 'இன்னும் ஒரு ரவுண்டு' என்று உசுப்பேற்றக் கூடாது, 'சோம்பேறி' என்று சொல்லக் கூடாது. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பழக்கம் அந்தப் பள்ளியில் இருந்தால், இவனுக்கு மட்டுமல்ல, யாருக்குமே அது கூடாது. உடலை வருத்தும் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது.

கீழ்க்கண்டவற்றில் எது தெரிந்தாலும் விளையாட்டு அத்தோடு நின்றுவிட வேண்டும், பிள்ளையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்:

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்.
திடீரென்று முகம் வெளுத்துச் சோர்ந்து விழுவது, வயிற்றின் இடப்பக்கம் உப்புவது.
ஒரு கையோ காலோ விளங்காமல் போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, தாங்க முடியாத தலைவலி.
101 டிகிரிக்கு மேல் காய்ச்சல். இது விளையாடாத நாளுக்கும் பொருந்தும். எஸ்.எஸ். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் காலைவரை பார்க்கக் கூடாது.

மேட்டுப்பாளையம் வேண்டாம்

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் மூச்சில் வரும் ஆக்ஸிஜனும் அந்த அளவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அவன் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன். சமவெளியிலிருந்து திடீரென்று மேலே வரும் எஸ்.எஸ். நோயாளிக்கு உள்ள ஆபத்தும் இவனுடைய நிலையும் ஒன்றல்ல. மேட்டுப்பாளையத்து வெயிலில் நீர் வற்றிப் போகும் ஆபத்து வேறு இருக்கிறது. உங்கள் வேலை, உங்கள் ஜனம், பிள்ளைகளின் சிநேகிதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் சுற்றுலா என்று 2,637 மீட்டர் உயரத்துத் தொட்டபெட்டாவுக்குக் கூட்டிப்போனால், அங்கே அவனை ஏறி ஓடவிட வேண்டாம், குல்லாவும் கம்பளியும் போட்டு அனுப்புங்கள். அவ்வளவு போதும்.

பள்ளியை மாற்றவும் நான் சொல்ல மாட்டேன். வேறு பள்ளி இன்னும் தூரமாக இருக்கும், ஏற்றமும் கூடும். அங்கேயும் ஒரு தலைமை ஆசிரியை இதே பயத்தோடுதான் இருப்பார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நூறு பிள்ளைகளைத் தாண்டிய பள்ளிக்குத்தான் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஐந்தாம் வகுப்புவரை உள்ள பள்ளிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்த்து, சத்துணவையும் பார்த்து, பந்து தேயிலைச் செடிக்குள் போனால் பிள்ளைகள் சரிவில் இறங்காமலும் பார்க்க வேண்டும். போன டிசம்பரில் நடந்தது அவரையும் உலுக்கியிருக்கும்.

கையெழுத்துப் போடலாமா?

போட வேண்டாம். அந்தத் தாள் உங்கள் பிள்ளைக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காது. பள்ளி நேரத்தில் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் கடமையும் உங்கள் கையெழுத்தால் போய்விடாது. அதற்குப் பதிலாக, மகனைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"இந்த மாணவருக்குச் சிக்கிள் செல் நோய் உள்ளது. மிதமான விளையாட்டில் கலந்துகொள்ளலாம். விளையாடும் முன்னும் பின்னும் தண்ணீர் தரவும். கேட்கும்போது ஓய்வும், எப்போது வேண்டுமானாலும் கழிப்பறைக்குச் செல்ல அனுமதியும் தரவும். நனைந்தால் உடை மாற்றவும். நீண்ட ஓட்டம், மழையில் விளையாட்டு, ஐஸ் ஒத்தடம் வேண்டாம். வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே பெற்றோரை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்பவும்."

பயந்திருக்கும் ஆசிரியைக்கு, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மருத்துவர் எழுதித் தந்த தாள்தான் தைரியம் தரும். அதையும் மீறி அவர் மறுத்தால் உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சிக்கிள் செல் நோயை அதன் பட்டியலில் வைத்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு பள்ளிகளுக்குச் சொல்கிறது. மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், பின்னாலும் உதவும். அடுத்து பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். கொழுந்து பறிக்கும் அம்மாக்கள் அங்கே பேசினால் கேட்டுத்தான் ஆக வேண்டும். வெந்நீர் வைக்கவும், கழிப்பறையைச் சரிசெய்யவும், விளையாட்டு நேரத்தை மாற்றவும் அங்கேயே தீர்மானம் போடலாம். மேலதிகாரிக்கு மனு எழுதுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஹைட்ராக்ஸியூரியாவை வலி வரும் நாளில் மட்டும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது வலி மாத்திரை இல்லை அம்மா. மருத்துவர் சொன்ன அளவில் தினமும், வலி இல்லாத நாளிலும் கொடுத்தால்தான் வலி வருவதைக் குறைக்கும். இடையிடையே ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் அவனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவனுடைய ரத்தசோகை இரும்புச்சத்துக் குறைவால் வந்தது அல்ல. நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா, மூளை ரத்தக் குழாய்க்கான டாப்ளர் ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று இந்த முறை போகும்போது கேளுங்கள்.

விழாவுக்கு முன்பே, டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு மகனை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மண்ணீரலைப் பார்த்து, ஹீமோகுளோபின் எடுத்து, அந்தக் கடிதத்தையும் அன்றே வாங்கிவிடுங்கள். காய்ச்சலோ வலியோ வந்து குணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் மட்டும் இந்த வருஷம் அவன் ஓட வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் சாக்கு ஓட்டத்துக்கு அவன் பெயரை எழுதச் சொல்லுங்கள், அவனுடைய அக்காவின் பெயரையும் சேர்த்து.